13 முடிகள், 28 ஆண்டுகள்: எஃப்.பி.ஐ. ஆய்வகம் திரும்பிப் பார்த்த வழக்குகள்

வாஷிங்டன் நகரின் தென்கிழக்குப் பகுதியில், 1978 ஜூலை 26 அதிகாலை, டாக்சி ஓட்டுநர் ஒருவர் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறையைத் தலைவழியாக இழுத்து மாட்டியிருந்தான். அதனால் முகத்தை அடையாளம் சொல்ல ஆள் இல்லை. சற்றுத் தள்ளி நடைபாதையில் கிடந்த காலுறை ஒன்றைப் போலீசார் எடுத்து, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் 13 முடிகள் இருந்தன.

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சான்டே டிரிபிளுக்கு அப்போது வயது 17. கொலை நடந்த நேரத்தில் தன் தாயின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வீட்டார் நீதிமன்றத்துக்கு வந்து அதையே சொன்னார்கள். ஆனால் தாயின் சாட்சியம் எந்த ஊரிலும் எடைபோடும்போதே பாதியாகிவிடும். எதிர்ப்பக்கத்தில் எஃப்.பி.ஐ. நிபுணர் கூண்டில் ஏறி, காலுறையிலிருந்த முடிகளில் ஒன்று டிரிபிளின் முடியோடு நுண்நோக்கியில் தெரியும் எல்லாக் கூறுகளிலும் பொருந்துகிறது என்றார். அரசு வழக்கறிஞர் தன் இறுதி வாதத்தில் அதற்கு ஓர் எண்ணையும் சேர்த்துவிட்டார்: அது வேறொருவருடைய முடியாக இருப்பதற்கு ஒரு கோடியில் ஒரு வாய்ப்பு இருக்கலாம். அந்த ஒரு கோடி எந்த ஆய்விலிருந்தும் வந்ததல்ல. 1980 ஜனவரியில் ஜூரிகள் டிரிபிளைக் குற்றவாளி என்றார்கள். குறைந்தபட்சம் 20 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என்று தண்டனை விதிக்கப்பட்டது.

சிறையிலும், பின்னர் பரோல் விதிகளை மீறியதாக மறுபடி சிறையிலுமாக அவர் மொத்தம் 28 ஆண்டுகளைக் கழித்தார். 2012-ல் அந்த 13 முடிகளும் மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போயின. ஒன்றுகூட டிரிபிளுடையது அல்ல. அவற்றில் 12, மூன்று வெவ்வேறு மனிதர்களின் முடிகள். மீதி ஒன்று நாயினுடையது.

எஃப்.பி.ஐ.யில் பயிற்சி பெற்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தும் மனித முடியையும் நாய் முடியையும் பிரித்தறிய முடியவில்லை என்று டிரிபிளுக்காக வாதாடிய சான்ட்ரா லெவிக் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தார். லெவிக், வாஷிங்டனில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பொதுச் சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர். அவர் கையில் இதற்கு முன்பே இதே மாதிரி இரண்டு வழக்குகள் இருந்தன. கதை டிரிபிளோடு முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

மூன்று வழக்குகள், மூன்று நிபுணர்கள்

டொனால்டு கேட்ஸ், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் 1982-ல் தண்டிக்கப்பட்டவர். அவருக்கு எதிராக இருந்தவை, பணம் வாங்கிக்கொண்டு தகவல் சொல்பவர் ஒருவரின் வாக்குமூலமும், எஃப்.பி.ஐ.யின் மைக்கேல் மலோன் அளித்த முடிச் சாட்சியமும். 2009 டிசம்பரில் டி.என்.ஏ. பரிசோதனை அவர் குற்றவாளி அல்ல என்று காட்டியது. அரிசோனா சிறையிலிருந்து வெளியே அனுப்பியபோது 75 டாலரும் ஒஹாயோவுக்கு ஒரு பஸ் டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

கிர்க் ஓடம் 1981-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்ட பெண்ணின் இரவு உடையில் கிடைத்த ஒரு முடி அவருடையதோடு பொருந்துகிறது என்று வேறொரு எஃப்.பி.ஐ. நிபுணர் சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. பத்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஒப்பீடுகள் செய்ததாகவும், இரு வேறு ஆட்களின் முடிகளை வேறுபடுத்த முடியாமல் போனது எட்டோ பத்தோ தடவைதான் என்றும் சேர்த்துக்கொண்டார். ஓடம் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகும் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. 2012 ஜூலையில், அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் அன்று, நீதிமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது.

மூன்று வழக்குகளிலும் சாட்சி சொன்னவர்கள் மூன்று வெவ்வேறு ஆய்வாளர்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒருவர் மட்டும் தவறியிருந்தால் அவர் ஒருவர்தான் சரியில்லை என்று கோப்பை மூடிவிடலாம். அரசுத் துறைகளுக்கு மிகவும் பிடித்த விளக்கமும் அதுவே. மூன்று பேரும் ஒரே திசையில் ஒரே விதமாகத் தவறும்போது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த இடத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நுண்நோக்கியில் என்ன தெரியும்?

முடி ஒப்பீட்டை முழுக்க மோசடி என்று சொல்ல முடியாது. இரட்டை நுண்நோக்கியில் இரண்டு முடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வெளிச் செதில், நடுப்பட்டை, உள்தண்டு என்று முடிக்கு மூன்று அடுக்குகள். நிறமித் துகள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, உள்தண்டு தொடர்ச்சியாக இருக்கிறதா விட்டுவிட்டு இருக்கிறதா, சாயம் பூசியதா, வெட்டுப்பட்டதா, பிடுங்கப்பட்டதா, தானாக உதிர்ந்ததா என்றெல்லாம் குறிப்பெடுப்பார்கள். சந்தேகத்துக்கு உள்ளானவருக்குச் சுருட்டைக் கருமுடி, கிடைத்ததோ நேரான செம்பட்டை முடி என்றால், இது அவருடையது அல்ல என்று நம்பிக்கையோடு சொல்லலாம். ஆளை விலக்குவதற்கு இந்த முறை உதவும்.

ஆளைச் சுட்டுவதற்கு உதவாது. ஒரே வேப்பமரத்தின் இலைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதுபோல ஒரே தலையின் முடிகளும் வேறுபடும். அதோடு, குறிப்பிட்ட கூறுகள் கொண்ட முடி மக்களிடையே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. பொருந்துகிறது என்ற சொல்லுக்கு எடை வேண்டுமானால் அந்தக் கணக்கு வேண்டும். பத்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறதா, லட்சத்தில் ஒருவருக்கா? 1974-ல் கனடாவைச் சேர்ந்த இருவர் தங்கள் ஆய்வின் அடிப்படையில் தலைமுடிக்கு 4,500-ல் ஒன்று என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். அந்த ஆய்வின் முறை பிற்பாடு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆனாலும் எண் என்று ஒன்று கிடைத்துவிட்டால் நீதிமன்றத்தில் அதற்குத் தனி வாழ்வு வந்துவிடுகிறது. டிரிபிள் வழக்கில் 4,500 ஒரு கோடியானது.

எஃப்.பி.ஐ.க்கு இது தெரியாமல் இல்லை. முடி ஒப்பீடு ஒருவரை உறுதியாக அடையாளம் காண்பதற்கான அடிப்படை ஆகாது என்ற எச்சரிக்கை ஆய்வகத்தின் எழுத்து அறிக்கைகளிலேயே இடம்பெற்று வந்தது. காகிதத்தில் இந்த அடக்கம். சாட்சிக் கூண்டில் ஏறியதும் வாய் வேறு பேசியது. அரசு வழக்கறிஞர் தூண்டில் போடுவார், நிபுணர் கொஞ்சம் முன்னே நகர்வார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நுண்நோக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. குறுக்கு விசாரணை ஒப்புக்கு நடக்கும். ஜூரிகள் கேட்டது எச்சரிக்கையை அல்ல, எண்ணை.

1996-லிருந்து எஃப்.பி.ஐ. மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ. பரிசோதனையைத் தொடங்கியது. முடியின் தண்டில் வழக்கமான டி.என்.ஏ. பெரும்பாலும் கிடைக்காது. அது வேரில்தான் இருக்கும். தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ. தண்டிலும் ஏராளமாக இருப்பதால், வேர் இல்லாத பழைய முடியைக்கூடப் பரிசோதிக்கலாம். ஒரே தாய்வழியில் வந்தவர்களுக்கு இது ஒன்றாகவே இருக்கும் என்பதால் இதுவும் ஆளைத் தனியாகச் சுட்டாது. ஆனால் விலக்குவதில் வலுவானது. 2002-ல் எஃப்.பி.ஐ.யைச் சேர்ந்தவர்களே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுண்நோக்கியில் பொருந்துவதாகச் சொல்லப்பட்ட 80 ஒப்பீடுகளை டி.என்.ஏ.வோடு ஒத்துப் பார்த்ததில் 9 பொருந்தவில்லை. ஏறத்தாழ 11 சதவீதம். அவர்கள் வீட்டுக் கணக்கே அவர்களுக்குச் சொன்னது இது. அப்போதே பழைய கோப்புகளைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டிரிபிள் நிரபராதி என்று நிரூபணமாக இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.

முதல் மறுஆய்வு: கண்டுபிடித்தார்கள், சொல்லவில்லை

இந்த வரலாற்றில் என்னை அதிகம் கோபப்படுத்துவது, 2012-ல் அறிவிக்கப்பட்ட பெரிய மறுஆய்வுக்கு முந்தைய மறுஆய்வு. ஆம், அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது.

ஃபிரெடரிக் வைட்ஹர்ஸ்ட் எஃப்.பி.ஐ. ஆய்வகத்தில் வெடிபொருள் எச்சங்களை ஆராய்ந்த வேதியியலாளர். ஆய்வகத்தில் முடிவுகள் திரிக்கப்படுகின்றன, அறிக்கைகள் மாற்றி எழுதப்படுகின்றன என்று பல ஆண்டுகள் மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், எஃப்.பி.ஐ.க்கு மேலுள்ள அரசுத் துறையான நீதித்துறையின் (நீதிமன்றங்கள் அல்ல, அமைச்சகம்) உள் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரித்து, 1997 ஏப்ரலில் 500 பக்கங்களுக்கு மேல் நீண்ட அறிக்கையை வெளியிட்டது. 13 ஆய்வாளர்கள் பெயர் குறிப்பிட்டு விமர்சிக்கப்பட்டார்கள். கேட்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மலோனும் அவர்களில் ஒருவர். அவர்கள் கை பட்ட வழக்குகளைத் திரும்பிப் பார்க்க 1996-லேயே நீதித்துறை ஒரு பணிக்குழுவை அமைத்தது. அது 2004 வரை இயங்கியது.

அந்தக் குழுவின் நடைமுறையைப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய வழக்கு கிடைத்ததும் அதை அந்தந்த அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினார்கள். நிபுணரின் சாட்சியம் தண்டனைக்கு முக்கியமாக இருந்ததா என்று அவரே முடிவு செய்ய வேண்டும். முக்கியம் என்று அவர் சொன்னால் வெளி விஞ்ஞானிகள் ஆராய்வார்கள். அவர்கள் தவறு கண்டால் அந்த அறிக்கை மறுபடியும் அரசு வழக்கறிஞருக்கே போகும். கைதியிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம். வழக்கை வென்றவரிடமே, உங்கள் வெற்றியைக் கெடுக்கக்கூடிய காகிதம் இது, வேண்டுமானால் எதிராளிக்குக் கொடுங்கள் என்று நீட்டினார்கள். பலருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. கேட்ஸ் வழக்கில் மலோனின் சாட்சியம் நம்பத்தக்கது அல்ல என்பது அரசுத் தரப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது. கேட்ஸுக்கு அது 2009-ல்தான் தெரிந்தது.

மரண தண்டனைக் கைதிகளுக்குக்கூட முன்னுரிமை தரவில்லை. டெக்சஸில் பெஞ்சமின் பாயில் என்பவருக்கு 1997-ல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் வழக்கிலும் மலோனின் முடிச் சாட்சியம் இருந்தது. அந்தச் சாட்சியம் இல்லாவிட்டால் மரண தண்டனைக்குரிய அந்தத் தீர்ப்பு சட்டப்படி நிற்காது என்ற நிலை பின்னர் தெரியவந்தது. தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2014-ல் இந்தப் பணிக்குழுவையே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், பாயிலையும் சேர்த்து மூன்று பேர், தங்கள் வழக்குகள் மறுஆய்வு ஆகுமுன்பே கொல்லப்பட்டதாகப் பதிவு செய்தது.

கோப்பைப் புரட்டுவதோடு மறுஆய்வு முடிந்துவிடாது. கோப்பில் கண்டதைச் சிறையில் இருப்பவரின் கையில் சேர்ப்பதும் அதில் சேர்த்தி. 1996-ல் தொடங்கிய குழு முதல் வேலையைக் குறையோடு செய்தது. இரண்டாவதைச் செய்யவே இல்லை.

இரண்டாவது மறுஆய்வு

2012 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஸ்பென்சர் சூ எழுதிய தொடர் கட்டுரைகள் இந்தக் கதையை வெளியே கொண்டுவந்தன. அதே ஜூலையில் நீதித்துறையும் எஃப்.பி.ஐ.யும் முடிச் சாட்சியங்கள் அனைத்தையும் மறுஆய்வு செய்வதாக அறிவித்தன. 2013-ல் விதிமுறைகள் உடன்பாடாயின. இந்த முறை எதிர்த்தரப்பும் மேசையில் உட்கார்ந்தது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக இயங்கும் இன்னசன்ஸ் புராஜெக்ட், குற்றவியல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் தேசியச் சங்கம் ஆகிய இரண்டும் கூட்டாளிகள்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டி.என்.ஏ. வழக்கமாவதற்கு முந்தைய, அதாவது 2000-க்கு முந்தைய கோப்புகளில் முடி ஒப்பீடு கேட்டு வந்தவை சுமார் 21,000. அவற்றில் பொருந்துகிறது என்று அறிக்கை தந்தவை மட்டும் ஏறத்தாழ 3,000. அடுத்து, அந்த வழக்கு விசாரணைக்குப் போனதா, நிபுணர் கூண்டில் ஏறினாரா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் அவர் பேசிய சொற்களின் பதிவு வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சுருக்கெழுத்துப் பதிவு எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ. கடிதம் எழுதினால் பதில் வர வேண்டும். 2015-ல் கணக்கெடுத்தபோது சுமார் 700 வழக்குகளில் உள்ளூர் போலீசோ அரசு வழக்கறிஞரோ பதிலே அனுப்பவில்லை.

பதிவு கிடைத்த வழக்குகளில் நிபுணரின் பேச்சு வரி வரியாகப் படிக்கப்பட்டது. மூன்று வகைத் தவறுகளைத் தேடினார்கள். இந்த முடி இவருடையதுதான், வேறு யாருடையதும் அல்ல என்ற தொனியில் பேசியது முதல் வகை. இத்தனையில் ஒன்று என்று எண்ணோ நிகழ்தகவோ சொன்னது இரண்டாவது. இத்தனை ஆயிரம் முடி பார்த்திருக்கிறேன், தவறியதே இல்லை என்று அனுபவத்தை ஆதாரமாக வைத்தது மூன்றாவது. ஓடம் வழக்கின் எட்டோ பத்தோ இந்த மூன்றாம் வகை. எஃப்.பி.ஐ. தன் தரப்பில் படித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தனியாகப் படித்தார்கள். பிறகு இரண்டும் ஒப்பிடப்பட்டன. எதிர்பார்த்ததைவிடத் தவறுகள் அதிகமாக வந்ததில் உள்ளுக்குள் பூசல் எழுந்து, வேலை நடுவில் ஏறத்தாழ ஓராண்டு நின்றது. தலைமை ஆய்வாளரின் 2014 அறிக்கை வந்த சூட்டில்தான் மறுபடி நகர்ந்தது.

2015 ஏப்ரல் 20 அன்று முடிவுகள் கூட்டறிக்கையாக வந்தன. முடி ஒப்பீடு குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்ட 268 விசாரணைகளின் பதிவுகள் படிக்கப்பட்டிருந்தன. 257-ல் தவறான கூற்றுகள். அதாவது 96 சதவீதம். சாட்சி சொன்ன 28 ஆய்வாளர்களில் 26 பேர் தவறியிருந்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட 35 பேரில் 33 பேரின் வழக்குகளில் தவறு இருந்தது. அவர்களில் 9 பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. 5 பேர் வேறு காரணங்களால் இறந்துவிட்டார்கள்.

இந்த 96 சதவீதத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முடி ஒப்பீடுகளில் 96 சதவீதம் பொய் என்பது இதன் பொருள் அல்ல. தண்டிக்கப்பட்டவர்களில் 96 சதவீதத்தினர் நிரபராதிகள் என்பதும் அல்ல. பல வழக்குகளில் வேறு வலுவான சாட்சியங்களும் இருந்தன. இந்த மறுஆய்வில் எவரும் முடியை மறுபடி நுண்நோக்கியில் வைக்கவில்லை. ஆராயப்பட்டவை வாக்கியங்கள். அறிவியல் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டி நிபுணர் பேசினாரா என்பது மட்டுமே கேள்வி. ஆனால் இப்படிச் சொல்வதால் அந்த எண்ணின் கனம் குறைந்துவிடாது. டி.என்.ஏ. காட்டும் தவறு ஒரு வழக்கின் தவறு. 28-ல் 26 பேர் எல்லை தாண்டினார்கள் என்றால் எல்லை தாண்டுவதே அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. இதே ஆய்வகம்தான் மாநில ஆய்வகங்களின் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு இரண்டு வாரப் பயிற்சியில் முடி ஒப்பீட்டைக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் ஊர் ஊராகக் கொடுத்த சாட்சியங்கள் இந்த 3,000-க்குள் வராது.

கடிதம் வந்த பிறகு

இரண்டாவது மறுஆய்வு முதலாவதைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தவறு உறுதியானதும் அரசு வழக்கறிஞருக்கு மட்டுமின்றித் தண்டிக்கப்பட்டவருக்கும் கடிதம் போனது. எஃப்.பி.ஐ. இலவச டி.என்.ஏ. பரிசோதனை செய்து தருவதாகச் சொன்னது. மத்திய நீதிமன்ற வழக்குகளில் காலம் கடந்துவிட்டது போன்ற நடைமுறை ஆட்சேபங்களை எழுப்புவதில்லை என்று நீதித்துறை ஒப்புக்கொண்டது. இந்தக் கடைசிச் சலுகை பெரியது.

ஆனால் அமெரிக்காவில் கொலை, வன்கொடுமை வழக்குகளில் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில் நடப்பவை. வாஷிங்டனில் போட்ட ஒப்பந்தம் டெக்சஸையோ புளோரிடாவையோ கட்டுப்படுத்தாது. மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்துபோன ஒருவருக்கு மறுபடி வழக்குப் போட வக்கீல் தர வேண்டிய கட்டாயமும் பொதுவாக அங்கே இல்லை. இருபது ஆண்டுகளாகச் சிறையில் இருப்பவரிடம், உங்கள் வழக்கில் நிபுணர் கூறியது அறிவியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒரு தாளைக் கொடுத்தால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? டிரிபிளுக்கு லெவிக் இருந்தார். எத்தனை பேருக்கு லெவிக் கிடைப்பார்?

வக்கீல் கிடைத்தாலும் சட்டம் வழிவிட வேண்டும். கலிபோர்னியாவின் வில்லியம் ரிச்சர்ட்ஸ் வழக்கு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவர் விஷயத்தில் இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1997-ல் நடந்த விசாரணையில் பல் தடய நிபுணர் ஒருவர் வந்தார். இறந்தவரின் கையில் இருந்தது கடித்த தழும்பு, அது ரிச்சர்ட்ஸின் பற்களோடு பொருந்துகிறது, இப்படிப்பட்ட பற்கள் நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இருக்கும் என்றார். தண்டனை கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதே நிபுணர் தன் கூற்றைத் திரும்பப் பெற்றார். விஷயம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிபுணர் சொன்னது ஒரு கருத்து, கருத்தை மாற்றிக்கொள்வதால் மட்டும் பழைய சாட்சியம் சட்டப்படி பொய்ச் சாட்சியம் ஆகிவிடாது என்று 2012-ல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சொன்னவரே சொன்னது தப்பு என்கிறார், நீதிமன்றமோ அது தப்பே அல்ல என்கிறது. மாநிலச் சட்டமன்றம் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, நிபுணர் திரும்பப் பெற்ற கருத்தும், பின்னால் வந்த அறிவியலால் வீழ்த்தப்பட்ட கருத்தும் பொய்ச் சாட்சியத்தில் அடங்கும் என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தத்தை வைத்து 2016-ல் அதே உச்ச நீதிமன்றம் ரிச்சர்ட்ஸின் தண்டனையை ரத்து செய்தது.

மரண தண்டனைக்குப் பேர்போன டெக்சஸ்தான் இதில் முந்திக்கொண்டது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். தீர்ப்புக்குப் பின் அறிவியல் மாறியிருந்தால், அதையே காரணமாகக் காட்டி வழக்கை மறுபடி திறக்க 2013-ல் அந்த மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. முடிக்கு மட்டுமல்ல, தீ வைப்பு, கடித்த தழும்பு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் கதவைத் திறப்பது வேறு, உள்ளே விடுவது வேறு. மரண தண்டனைக் கைதிகளுக்கு இந்தச் சட்டம் எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை என்ற குறை அங்கே தொடர்ந்து எழுகிறது.

நிவாரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிரிபிளுக்கு 2016-ல் வாஷிங்டன் நகரம் 1.32 கோடி டாலர் தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓடமுக்கு 92 லட்சம் டாலர். கேட்ஸ் வழக்கில், போலீசார் சாட்சியத்தை இட்டுக்கட்டினார்கள் என்று ஜூரிகள் சொன்னபின் நகரம் 1.665 கோடிக்குச் சமரசம் பேசியது. தொகை பெரிதுதான். டிரிபிளுக்கான தீர்ப்பில், பதின்வயதில் சிறைக்குள் போனவருக்கு அங்கே தொற்றிய தீராத நோய்களைப் பற்றியும் நீதிபதி விரிவாக எழுதியிருக்கிறார். டிரிபிள் 2020-ல் இறந்தார். இந்தப் பணத்தைக் கொடுத்தது நகரம். ஒரு கோடியில் ஒன்று என்ற வாதத்துக்கு அடிபோட்டுக் கொடுத்த ஆய்வகம் மத்திய அரசினுடையது.

மற்ற தடயங்கள்

முடிக்கு நேர்ந்தது முடியோடு நிற்கும் என்று நம்ப இடமில்லை. துப்பாக்கிக் குண்டின் ஈயத்தில் கலந்துள்ள உலோகங்களை அளந்து, இது சந்தேகத்துக்கு உள்ளானவரின் பெட்டியிலிருந்த குண்டுகளோடு ஒரே வார்ப்பில் வந்தது என்று சொல்லும் முறையையும் எஃப்.பி.ஐ. நெடுங்காலம் பயன்படுத்தியது. 2004-ல் தேசிய அறிவியல் கழகங்களின் ஆராய்ச்சிக் குழு அதன் அடிப்படையைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 2005-ல் எஃப்.பி.ஐ. அதைக் கைவிட்டது. அந்த முறையில் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை அப்போது தேடிப்போகவில்லை. 2007-ல் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கிளறிய பிறகுதான் அந்த வேலை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்றுதான்: ஆய்வகம் முறையை ஓசையில்லாமல் நிறுத்தும், கோப்புகள் அப்படியே கிடக்கும், யாரோ ஒரு நிருபர் கதவைத் தட்டுவார்.

2009-ல் அதே கழகங்கள் தடயவியல் முழுவதையும் ஆராய்ந்து தந்த அறிக்கை, டி.என்.ஏ.வைத் தவிர எந்த முறையும் ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒருவரோடு உறுதியாக இணைக்கும் திறன் கொண்டதாக முறைப்படி நிரூபிக்கப்படவில்லை என்றது. கடித்த தழும்பு, காலணித் தடம், கருவித் தடம், துப்பாக்கி ஒப்பீடு என எல்லாமே அந்தக் கேள்விக்குள் வந்தன. அதன் தொடர்ச்சியாக 2013-ல் தடயவியலுக்கான தேசிய ஆணையம் உருவானது. விஞ்ஞானிகள், நீதிபதிகள், இரு தரப்பு வழக்கறிஞர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். முடிச் சாட்சியத்துக்குச் செய்ததைப்போல எஃப்.பி.ஐ.யின் மற்ற துறைகளின் சாட்சியங்களையும் வரி வரியாகப் படிக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது.

2017 ஏப்ரலில் நீதித்துறையின் தலைவரான அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அந்த ஆணையத்தின் காலத்தை நீட்டிக்க மறுத்துவிட்டார். மற்ற சாட்சியங்களைப் படிக்கும் திட்டமும் அதோடு நிறுத்தி வைக்கப்பட்டது. இனி தடயவியலை மேம்படுத்தும் பொறுப்பை நீதித்துறையே உள்ளுக்குள் ஒரு குழு அமைத்துப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 1996-லும் உள்ளுக்குள்தான் ஒரு குழு அமைத்தார்கள்.